ஐபி முகவரியை வைத்துக் கோப்புறையைப் பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளம் முழுவதும் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும், ஆனால் நிர்வாகப் பக்கம் இருக்கும் ஒரு கோப்புறைக்குள் மட்டும் நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் நுழையக் கூடாது. இந்தத் தேவை எல்லாத் தளங்களிலும் ஒரு கட்டத்தில் வந்துவிடும். அதற்கான விதி இரண்டு மூன்று வரிதான். அதை எழுதும்போது எழும் சந்தேகங்களையும், எழுதிய பிறகு சத்தமில்லாமல் நடக்கும் தவறுகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். அமைவுக் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்ச வேண்டும்.

ஐபி முகவரியை வைத்துப் பூட்டுவது என்றால் சரியாக என்ன நடக்கிறது?

ஒரு பிரவுசர் உங்கள் சர்வரிடம் பக்கம் கேட்கும்போது, அந்த இணைப்பு எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண் முகவரி) வருகிறது என்பது சர்வருக்குத் தெரியும். பதில் அனுப்ப அதற்கு அந்த முகவரி வேண்டும். சர்வர் அந்த முகவரியை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இருந்தால் பக்கத்தைக் கொடுக்கிறது, இல்லாவிட்டால் 403 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்புகிறது. இதெல்லாம் உங்கள் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. இந்த முறையின் பெரிய பலம் அதுதான். நிர்வாகப் பக்கத்தின் நிரலில் ஓட்டை இருந்தாலும், வெளியாள் அந்த நிரலைத் தொடவே முடியாது.

ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பூட்டுக்கு 'எங்கிருந்து வருகிறாய்' என்று மட்டும்தான் கேட்கத் தெரியும். 'நீ யார்' என்று அது கேட்பதில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த வித்தியாசத்தை மறப்பதால் வருபவை.

எங்கெல்லாம் இது பொருந்தும்?

நிர்வாகப் பக்கங்கள், வெளியிடும் முன் பார்க்கும் சோதனைத் தளம், சர்வரின் நிலை காட்டும் பக்கம், தரவுத்தளத்தைக் கையாளும் வலைக் கருவிகள் ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். வருபவர்கள் குறைவாகவும், அவர்கள் வரும் இடம் நிலையாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பொதுமக்கள் கணக்குத் தொடங்கி நுழையும் பகுதிக்கு இது உதவாது.

காப்புப் பிரதிகளையும் கடவுச்சொல் இருக்கும் கோப்புகளையும் இப்படிப் பூட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். பூட்டாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். வலையில் யாருக்குமே தெரியத் தேவையில்லாத கோப்பு, வலைத்தளத்தின் மூலக் கோப்புறைக்கு வெளியே இருப்பதுதான் முறை.

விதி எழுதும் முன் முதல் வேலை என்ன?

சர்வரின் அணுகல் லாக்கை (வருகைகளைச் சர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டை) திறந்து, உங்கள் சொந்த வருகை எந்த முகவரியில் பதிவாகிறது என்று பாருங்கள். பலரும் இதைச் செய்யாமல், தங்கள் கணினி காட்டும் முகவரியை அப்படியே எடுத்து விதியில் போட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்றும் உள் வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. இணையத்தில் அவை செல்லாது. வெளியே இருக்கும் சர்வர் பார்ப்பது உங்கள் ரவுட்டரின் பொது முகவரியை.

சில இணைப்புகளில் அந்தப் பொது முகவரிகூட உங்களுடையது மட்டும் அல்ல. ஐபிவி4 (நான்கு எண்களாக எழுதும் பழைய வகை) முகவரிகள் போதாமல் போனதால், இணையச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் அப்படிப்பட்ட இணைப்பில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தொகுதி 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அப்போது நீங்கள் அனுமதிக்கும் பொது முகவரியில் உங்களுக்குத் தெரியாத பலரும் இருப்பார்கள்.

ஆக, லாக்கில் பார்த்த முகவரியைத்தான் நம்புங்கள். வேறு எதையும் வைத்து விதி எழுதாதீர்கள்.

அப்பாச்சியில் எப்படி எழுதுவது?

அப்பாச்சி பரவலாகப் பயன்படும் ஒரு வலைச் சர்வர் மென்பொருள். அதில் 2012-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து 'ரிக்வயர்' என்ற ஒரே சொல்தான். பூட்ட வேண்டிய கோப்புறைக்கான டைரக்டரி பகுதிக்குள் 'ரிக்வயர் ஐபி 203.0.113.25' என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த முகவரிக்கு அனுமதி, மற்ற எல்லோருக்கும் மறுப்பு. 'எல்லோரையும் தடு' என்று தனியாக எழுதத் தேவையில்லை. பல முகவரிகள் இருந்தால் இடைவெளி விட்டு ஒரே வரியில் தொடரலாம், தனித்தனி வரிகளாகவும் எழுதலாம். (203.0.113 என்று தொடங்கும் முகவரிகள் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அப்படியே நகலெடுத்தால் யாரும் உள்ளே வர முடியாது.)

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. முகவரியும் சரியாக இருக்க வேண்டும், கடவுச்சொல்லும் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்து, 'ரிக்வயர் ஐபி' வரியின் கீழே 'ரிக்வயர் வேலிட்-யூசர்' என்று எழுதுவார்கள். அப்பாச்சி அதை 'இரண்டில் ஒன்று போதும்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதாவது உலகின் எந்த மூலையிலிருந்தும் கடவுச்சொல் தெரிந்தவர் நுழையலாம், அனுமதித்த முகவரியிலிருந்து கடவுச்சொல்லே இல்லாமலும் நுழையலாம். இரண்டும் வேண்டும் என்றால் அந்த வரிகளை 'ரிக்வயர்ஆல்' என்ற பகுதிக்குள் வைக்க வேண்டும்.

இன்னொன்று, உள்கோப்புறைகள். மேல் கோப்புறையில் ஐபி விதி இருக்கிறது, உள்ளே ஒரு கோப்புறையில் யாரோ எப்போதோ 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' (எல்லோருக்கும் அனுமதி) என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று நினைப்போம். செய்யாது. இயல்பு நிலையில் உள் விதி மேல் விதியை முழுவதுமாக நீக்கிவிடும். பூட்டிய கோப்புறைக்குள் வேறு விதிக் கோப்புகள் கிடக்கின்றனவா என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.

டைரக்டரி பகுதியா, லொகேஷன் பகுதியா?

கோப்புறையைப் பூட்டுகிறீர்கள் என்றால் டைரக்டரி. அது வட்டில் உள்ள இடத்தைப் பார்க்கிறது. லொகேஷன் இணைய முகவரியின் பாதையை மட்டும் பார்க்கிறது. ஒரே கோப்புறைக்கு இரண்டு பாதைகளில் வழி இருந்தால், லொகேஷன் ஒரு வழியை மட்டும் அடைக்கும். வட்டில் கோப்பாக இல்லாத, நிரலே உருவாக்கும் பக்கங்களுக்குத்தான் லொகேஷன் ஏற்றது.

பழைய குறிப்புகளில் ஆர்டர், டினை, அலவ் என்று இருக்கிறதே?

அது 2.2 பதிப்பின் நடை. அந்த வரிசையின் கடைசி வெளியீடான 2.2.34 வந்தது 2017-இல். அதோடு அது முடிந்துவிட்டது. புதிய பதிப்பிலும் பழைய நடையை ஏற்றுக்கொள்ள ஒரு துணைக்கூறு இருப்பதால், இன்றும் பலர் அதையே ஒட்டுகிறார்கள். பழையதையும் புதியதையும் ஒரே கோப்பில் கலக்காதீர்கள். கலந்தால் எது எதை வெல்லும் என்று யோசித்தே பொழுது போய்விடும்.

பழைய அமைவை நீங்கள் இன்னும் பராமரிக்க வேண்டியிருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, 'ஆர்டர்' வரியில் பின்னால் வரும் சொல்தான் இறுதி வார்த்தை. 'டினை,அலவ்' என்றால் எந்தப் பட்டியலிலும் இல்லாதவருக்கு அனுமதி. 'அலவ்,டினை' என்றால் அவருக்கு மறுப்பு. காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட்டால் பிழை வரும். இரண்டாவது இன்னும் முக்கியம். பல பழைய குறிப்புகள் இந்த வரிகளை 'லிமிட் கெட் போஸ்ட்' என்ற பகுதிக்குள் வைத்திருக்கும். அப்படி வைத்தால் அந்த இரண்டு வகைக் கோரிக்கைகளுக்கு மட்டும்தான் தடை. வேறு வகைக் கோரிக்கையோடு வருபவருக்குக் கதவு திறந்தே இருக்கும். அந்த லிமிட் வரிகளைக் கண்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஹெச்டிஅக்சஸ் கோப்பில் எழுதினேன், எதுவுமே மாறவில்லை. ஏன்?

ஹெச்டிஅக்சஸ் என்பது கோப்புறைக்குள்ளேயே வைக்கும் அப்பாச்சி அமைவுக் கோப்பு. முதன்மை அமைவில் 'அலவ்ஓவர்ரைடு' என்ற கட்டளை 'நன்' என்று இருக்கலாம். 2.4-இல் அதுவே இயல்பு நிலை. அப்படி இருந்தால் சர்வர் உங்கள் கோப்பைப் படிப்பதே இல்லை. பிழையும் காட்டாது, லாக்கிலும் எழுதாது. பூட்டிவிட்டோம் என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், கோப்புறை திறந்தே கிடக்கும். ரிக்வயர் வரிகள் செல்லுபடியாக 'ஆத்கான்ஃபிக்' அனுமதி வேண்டும். வேறு அனுமதிகள் இருந்து இது மட்டும் இல்லாவிட்டால் 500 பிழை வரும். அது நல்லதுதான், தவறு கண்ணுக்குத் தெரிகிறது.

சர்வரே உங்கள் கையில் இருந்தால் ஹெச்டிஅக்சஸ் வேண்டாம், முதன்மை அமைவிலேயே எழுதுங்கள். அந்தக் கோப்பைச் சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தேடிப் படிக்கிறது. அதைவிட முக்கியமாக, வலைக் கோப்புகளை மாற்றும் உரிமை உள்ள எவரும், ஏன், ஓட்டை விழுந்த ஒரு நிரல்கூட அந்தப் பூட்டை அழித்துவிட முடியும். பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்கள் ஹெச்டிஅக்சஸையே பயன்படுத்தட்டும்.

என்ஜின்எக்ஸில்?

இது அப்பாச்சியைப் போன்ற இன்னொரு வலைச் சர்வர். லொகேஷன் பகுதிக்குள் 'அலவ் 203.0.113.25;' என்று ஒரு வரி, அடுத்து 'டினை ஆல்;' என்று ஒரு வரி. என்ஜின்எக்ஸ் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். ஆகவே 'டினை ஆல்' கடைசியில்தான் வர வேண்டும். இங்கே ஹெச்டிஅக்சஸ் போன்ற ஏற்பாடு கிடையாது. அப்பாச்சியிலிருந்து மாறி வந்த தளங்களில் பழைய ஹெச்டிஅக்சஸ் கோப்புகள் பாதுகாப்பதுபோல் அப்படியே கிடக்கும். என்ஜின்எக்ஸ் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

என்ஜின்எக்ஸில் நான் அதிகம் பார்த்த தவறு பிஹெச்பி (வலைப் பக்கங்களை உருவாக்கும் ஒரு நிரல் மொழி) கோப்புகளோடு வருவது. நிர்வாகக் கோப்புறைக்கு ஒரு லொகேஷன் பகுதி எழுதி, அதற்குள் தடை போட்டிருப்பார்கள். கீழே, பிஹெச்பி என்று முடியும் எல்லாக் கோப்புகளுக்கும் வடிவப் பொருத்தத்தில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) இன்னொரு லொகேஷன் இருக்கும். என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கைக்கு ஒரே லொகேஷனைத்தான் தேர்ந்தெடுக்கும், வடிவப் பொருத்தத்துக்கு முன்னுரிமை தரும். விளைவு: அந்தக் கோப்புறையின் படங்களும் எழுத்துருக்களும் பூட்டப்பட்டிருக்கும், நிர்வாகப் பக்கத்தின் பிஹெச்பி நிரல் எல்லோருக்கும் ஓடும். பூட்ட நினைத்ததற்கு நேர் எதிர். கோப்புறையின் பாதைக்கு முன்னால் ^~ என்ற குறியைப் போட்டு, பிஹெச்பிக்கான லொகேஷனை அதற்குள்ளேயே இன்னொரு முறை எழுதுவதுதான் தீர்வு. வெளிப் பகுதியின் தடை உள்ளே தானாகவே இறங்கிவிடும். ஆனால் உள்ளே தனியாக ஒரே ஒரு அலவ் வரி எழுதினாலும் வெளியே உள்ள பட்டியல் முழுவதும் அங்கே செல்லாமல் போகும்.

'ரிட்டர்ன்' கட்டளையையும் கவனியுங்கள். அது அனுமதி சோதிக்கும் கட்டத்துக்கு முன்பே ஓடிவிடும். ஒரே லொகேஷனில் தடையும் ரிட்டர்னும் இருந்தால் தடைக்கு வேலையே வராது.

கடவுச்சொல்லும் சேர வேண்டுமா, ஒன்று போதுமா என்பதை 'சாட்டிஸ்ஃபை' என்ற கட்டளை தீர்மானிக்கிறது. இயல்பு நிலை 'ஆல்', அதாவது இரண்டும் வேண்டும். அப்பாச்சியின் ரிக்வயர் வரிகளுக்கு இது நேர் மாறு.

ஐஐஎஸ் பயன்படுத்துகிறேன். அங்கே?

மைக்ரோசாஃப்டின் வலைச் சர்வரான இதில், ஐபி முகவரி மற்றும் டொமைன் கட்டுப்பாடு என்ற கூறைத் தனியாக நிறுவ வேண்டும், முதலிலேயே வருவதில்லை. பிறகு அனுமதிப் பட்டியல் எழுதி, பட்டியலில் இல்லாதவர்களை மறுக்கும்படி அமைப்பை மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டால் உங்கள் பட்டியலுக்குப் பொருளே இல்லை, ஏனென்றால் இயல்பு நிலை எல்லோரையும் விடுவதுதான். தளத்தின் சொந்த அமைவுக் கோப்பில் எழுதி 500.19 பிழை வந்தால், அந்தப் பகுதி சர்வர் மட்டத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். தடை சரியாக வேலை செய்தால் வெளியாளுக்கு 403.6 பதிவாகும்.

/24, /32 என்றெல்லாம் எழுதுகிறார்களே, அது என்ன?

ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முன்னாலிருந்து எத்தனை பிட்கள் அப்படியே பொருந்த வேண்டும் என்று சொல்கிறது. /32 என்றால் ஒரே ஒரு முகவரி. /29 என்றால் 8, /24 என்றால் 256, /16 என்றால் 65,536. எண் குறையக் குறைய வாசல் அகலமாகிறது. முகவரி அடிக்கடி மாறுகிறதே என்று அலுத்துப்போய் /16 போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த 65,536 முகவரிகளில் உங்களுடையது ஒன்று. மற்றவை யாருடையவை?

என் தளத்துக்கு முன்னால் சிடிஎன் இருக்கிறது. விதி எல்லோரையும் தடுக்கிறது, அல்லது எல்லோரையும் விடுகிறது. என்ன செய்ய?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

சிடிஎன் (தளத்தின் நகல்களைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சேவை), சுமைப் பங்கீட்டுக் கருவி, ரிவர்ஸ் பிராக்ஸி (கோரிக்கைகளை வாங்கி உங்கள் சர்வருக்குக் கடத்தும் மென்பொருள்) ஆகிய எது முன்னால் இருந்தாலும் உங்கள் சர்வரோடு நேரடியாகப் பேசுவது அதுதான். எனவே சர்வர் பார்ப்பது இடைத்தரகரின் முகவரியை. உண்மையான வருகையாளரின் முகவரி, 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்ற தலைப்பு வரியில் ஒரு குறிப்பாக மட்டும் வரும். இடைத்தரகரின் முகவரியை விதியில் அனுமதித்தால் உலகம் முழுவதையும் அனுமதித்ததாகிவிடும்.

சரி, அந்தத் தலைப்பு வரியைப் படித்து முடிவு செய்யலாமே? செய்யலாம், ஆனால் அது வெறும் எழுத்து. யார் வேண்டுமானாலும் தங்கள் கோரிக்கையில் அந்த வரியைச் சேர்த்து, அதில் எந்த முகவரியையும் எழுதி அனுப்பலாம். உங்கள் அலுவலக முகவரி தெரிந்தவர் அதை எழுதி அனுப்பினால், நம்பும் சர்வர் கதவைத் திறந்துவிடும். ஆகவே எந்த இடைத்தரகரிடமிருந்து வந்தால் அந்த வரியை நம்பலாம் என்பதைச் சர்வருக்குச் சொல்லியாக வேண்டும். அப்பாச்சியில் ரிமோட்ஐபி என்ற கூறு இருக்கிறது: தலைப்பின் பெயரைச் சொல்ல ஒரு கட்டளை, நம்பத் தகுந்த பிராக்ஸிகளைச் சொல்ல இன்னொரு கட்டளை. இரண்டாவதை எழுதாமல் விட்டால் அது யார் அனுப்பினாலும் நம்பும். என்ஜின்எக்ஸில் 'செட்-ரியல்-ஐபி-ஃப்ரம்' என்ற கட்டளையில் நம்பத் தகுந்த முகவரிகளையும், 'ரியல்-ஐபி-ஹெடர்' என்பதில் தலைப்பின் பெயரையும் தர வேண்டும். கோப்பில் இவற்றை இணைப்புக் கோட்டுக்குப் பதில் அடிக்கோட்டோடு எழுத வேண்டும். சிடிஎன் நிறுவனங்கள் தங்கள் முகவரித் தொகுதிகளை வெளியிடுகின்றன. அவை மாறும், அதனால் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும்.

அந்தத் தலைப்பு வரியில் பல முகவரிகள் காற்புள்ளியிட்டு வரலாம். ஒவ்வொரு இடைத்தரகரும் தனக்குத் தெரிந்த முகவரியை வலது கோடியில் சேர்ப்பார். இடது கோடியில் இருப்பது வருகையாளரே எழுதி அனுப்பியதாக இருக்கலாம். சொந்தமாக நிரல் எழுதி முதல் முகவரியை எடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வலமிருந்து படித்து, நம்பத் தகுந்தவற்றைத் தாண்டியதும் வரும் முதல் முகவரியை எடுங்கள்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. சிடிஎனைச் சுற்றிக்கொண்டு உங்கள் சர்வரின் சொந்த முகவரிக்கு நேரடியாக வருபவரை ஃபயர்வாலில் தடுங்கள். 80, 443 கதவுகள் (வலை இணைப்புகள் வரும் போர்ட் எண்கள்) சிடிஎன் முகவரிகளுக்கு மட்டும் திறந்திருக்கட்டும். அப்புறம், பூட்டிய கோப்புறையைச் சிடிஎன் தேக்கி வைக்காதபடி பாருங்கள். அனுமதி பெற்ற நீங்கள் ஒரு முறை திறந்த பக்கத்தைச் சிடிஎன் நகலெடுத்து வைத்துக்கொண்டால், அடுத்து வரும் எவருக்கும் அதுவே கொடுத்துவிடும். உங்கள் சர்வருக்குத் தகவலே வராது.

'ரிக்வயர் லோக்கல்' போட்டால் பாதுகாப்புதானே? அது அதே கணினிக்கு மட்டும்தானே?

அதே கணினியில் வேறு எந்த இடைத்தரகரும் ஓடவில்லை என்றால் ஆம். நான் ஒரு முறை இதில் மாட்டினேன். சர்வர் நிலை காட்டும் பக்கத்துக்கு இந்த வரியைப் போட்டிருந்தேன், பல மாதங்கள் ஒழுங்காக இருந்தது. பிறகு அதே கணினியில் அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸைப் பிராக்ஸியாக வைத்தேன். அந்த நிமிடத்திலிருந்து அப்பாச்சிக்கு வந்த எல்லாக் கோரிக்கைகளும் 127.0.0.1 என்ற முகவரியிலிருந்து வந்தன. நிலைப் பக்கம் உலகத்துக்கே திறந்துவிட்டது. விதியில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. தற்செயலாக லாக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலையமைப்பில் மறைவாக ஓடிய தளங்களுக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. டோர் நிரல் அதே கணினியில் ஓடுவதால் எல்லா வருகையாளர்களும் உள்ளூர் ஆட்களாகத் தெரிந்தார்கள், அப்பாச்சியின் நிலைப் பக்கம் எவருக்கும் திறந்தது. கட்டமைப்பில் ஒரு சர்வரையோ பிராக்ஸியையோ சேர்த்தாலும் நகர்த்தினாலும் ஐபி விதிகளை மறுபடி சோதியுங்கள்.

ஐபிவி6 முகவரியையும் சேர்க்க வேண்டுமா?

சர்வருக்கு ஐபிவி6 (புதிய, நீளமான முகவரி வகை) இருந்தால் கட்டாயம். இரண்டும் இருக்கும் இடத்தில் பிரவுசர்கள் ஐபிவி6-க்கே முன்னுரிமை தருகின்றன. 'என் முகவரியைச் சரியாகத்தான் போட்டேன், எனக்கே 403 வருகிறது' என்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். ஐபிவி6-இல் கணினிகள் தனியுரிமைக்காகத் தற்காலிக முகவரிகளை அடிக்கடி மாற்றிக்கொள்ளும், ஆகவே ஒற்றை முகவரியைப் போட்டுப் பயனில்லை. /64 தொகுதியாக அனுமதியுங்கள்; சாதாரணமாக ஓர் உள் வலையமைப்பு முழுவதும் அதற்குள் இருக்கும்.

என் முகவரி நாளுக்கு ஒரு முறை மாறுகிறது. நான் என்ன செய்வது?

என் பதில் விபிஎன் (இணையத்தின் வழியே அமைக்கும் மறைகுறியாக்கிய தனி வலையமைப்பு). நிலையான முகவரி உள்ள ஒரு கணினியில், வலைச் சர்வரிலேயேகூட, வயர்கார்டு போன்ற ஒன்றை நிறுவி, விபிஎன் வழியாக வரும்போது லாக்கில் பதிவாகும் முகவரியை மட்டும் விதியில் அனுமதியுங்கள். நீங்கள் எங்கே போனாலும் விபிஎன் இணைத்தால் போதும். கூடுதல் நன்மையும் உண்டு: விபிஎன் சாவி உள்ளவர்தான் அந்த முகவரியைப் பெற முடியும். 'எங்கிருந்து' என்ற கேள்வி ஓரளவுக்கு 'யார்' என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. ஒரே ஆள் மட்டும் பயன்படுத்தும் பக்கத்துக்கு எஸ்எஸ்ஹெச் (சர்வருக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழி சுரங்கம் போதும்.

மாறும் முகவரியைப் பின்தொடரும் டைனமிக் டிஎன்எஸ் பெயரை விதியில் எழுதலாமா என்றால், அப்பாச்சி 2.4.19 முதல் 'ரிக்வயர் ஃபார்வர்டு-டிஎன்எஸ்' அதைச் செய்கிறது. என்ஜின்எக்ஸின் அலவ் வரி பெயர்களை ஏற்காது. பெயரை நம்பினால் அந்தப் பெயரைப் பராமரிக்கும் கணக்கின் கடவுச்சொல்லும் உங்கள் பூட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

ஒருவர் என் ஐபி முகவரியைப் போலியாகப் போட்டுக்கொண்டு வர முடியுமா?

வெறும் தரவுப் பொட்டலத்தில் போலி முகவரி எழுதுவது முடியும். ஆனால் வலை இணைப்பு டிசிபி என்ற நெறிமுறையில் தொடங்கும்போது சர்வர் அனுப்பும் பதிலுக்கு மறுபதில் வர வேண்டும். அந்தப் பதில் உண்மையான முகவரிக்காரருக்குத்தான் போகும், போலிக்காரர் கைக்கு வராது. எனவே நடுவழியில் உட்கார்ந்திருப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு இது நடைமுறையில் கைகூடாது.

உண்மையான ஆபத்து வேறு. உங்கள் அலுவலக வலையமைப்பில் நுழைந்த யாரும், வைரஸ் தொற்றிய ஒரு கணினியும், விருந்தினருக்கான வைஃபையில் இருப்பவரும் அதே பொது முகவரியில்தான் வெளியே வருகிறார்கள். அதனால் ஐபி பூட்டு இருக்கிறதென்று கடவுச்சொல்லை எடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

வேர்ட்பிரஸ் நிர்வாகப் பகுதியைப் பூட்டினேன். தளத்தின் சில வசதிகள் நின்றுவிட்டன.

நிர்வாகக் கோப்புறைக்குள் இருக்கும் அட்மின்-அஜாக்ஸ் என்ற பிஹெச்பி கோப்பைப் பல பிளகின்கள் சாதாரண வருகையாளர்களுக்காகவும் அழைக்கின்றன. அந்த ஒரு கோப்பை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். மறுபுறம், நுழைவுப் பக்கமான டபிள்யூபி-லாகின் கோப்பு அந்தக் கோப்புறைக்குள் இல்லை, தளத்தின் மூலத்தில் இருக்கிறது. கோப்புறையை மட்டும் பூட்டியவர்கள் கடவுச்சொல் ஊகிப்பவர்களுக்கு அந்த வாசலை விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்புக்கும் தனித்தனியாக விதி வேண்டும்.

தளம் முழுவதையும் பூட்டியதும் எஸ்எஸ்எல் சான்றிதழ் புதுப்பிப்பு தோல்வியடைகிறது.

இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் உங்கள் தளத்தில் ஒரு கோப்பைப் படித்து உரிமையைச் சரிபார்க்கிறது. எந்த முகவரிகளிலிருந்து வருவோம் என்று அது வெளியிடுவதில்லை. பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் சோதிக்கவும் செய்கிறது. ஆகவே சரிபார்ப்புக்கான 'வெல்-நோன்' பாதையை எல்லோருக்கும் திறந்து வையுங்கள், அல்லது டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புக்கு மாறுங்கள்.

403 காட்டுவதா, 404 காட்டுவதா?

404 (பக்கமே இல்லை என்ற பிழை) காட்டினால் கோப்புறை இருப்பதே தெரியாது. சிறிய நன்மைதான். நான் 403-ஐயே விடுவேன், பிழை தேடும்போது குழப்பம் குறையும். உங்களுக்கென்று தனிப் பிழைப் பக்கம் வைத்திருந்தால், அந்தப் பக்கமும் அதன் படங்களும் பூட்டிய கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும்.

ஃபயர்வாலிலேயே செய்துவிடலாமே?

ஃபயர்வால் கதவு எண்ணைப் பார்க்கும், கோப்புறையைப் பார்க்காது. மறைகுறியாக்கிய இணைப்பில் எந்தப் பக்கம் கேட்கப்படுகிறது என்பது அதற்குத் தெரியவும் தெரியாது. நிர்வாகப் பகுதியைத் தனிக் கதவு எண்ணுக்கோ தனிக் கணினிக்கோ மாற்ற முடிந்தால் ஃபயர்வால் இன்னும் நல்லது.

தொல்லை தரும் ஒரு முகவரியை மட்டும் தடுத்தால் போதும் எனக்கு.

அப்பாச்சியில் 'ரிக்வயர்ஆல்' பகுதிக்குள் 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' என்றும், அடுத்து 'ரிக்வயர் நாட் ஐபி' என்று அந்த முகவரியையும் எழுதுங்கள். 'நாட்' வரி தனியாக நிற்காது. என்ஜின்எக்ஸில் ஒரு 'டினை' வரி போதும். ஆனால் தொல்லை தருபவர் நாளை வேறு முகவரியில் வருவார். தடைப் பட்டியலுக்கு முடிவே இல்லை.

வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் அமைவைச் சரிபாருங்கள்: அப்பாச்சியில் கான்ஃபிக்டெஸ்ட், என்ஜின்எக்ஸில் சிறிய 'டி' விருப்பம். பிறகு சர்வரை மறுஏற்றம் செய்யுங்கள். ஹெச்டிஅக்சஸுக்கு மறுஏற்றம் தேவையில்லை.

அனுமதித்த இடத்திலிருந்து திறந்து பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று முடிப்பது சோதனை ஆகாது. விதியே இல்லாவிட்டாலும் அது திறக்கும். தடை விழ வேண்டிய இடத்திலிருந்து பாருங்கள். கைப்பேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறப்பது எளிய வழி. கோப்புறையின் முகப்பை மட்டும் பார்க்காமல், உள்ளே ஒரு படம், ஒரு பிஹெச்பி கோப்பு, ஓர் உள்கோப்புறை என மூன்றையும் திறந்து பாருங்கள். ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும், பிராக்ஸி இருந்தால் போலியான தலைப்பு வரி சேர்த்தும் கர்ள் என்ற கட்டளை வரிக் கருவியால் அழைத்துப் பாருங்கள். தடை விழுந்தால் பிழை லாக்கில் அப்பாச்சி 'சர்வர் அமைவுப்படி மறுக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி எழுதும், மறுக்கப்பட்ட முகவரியும் அதில் இருக்கும்.

என்னையே வெளியே பூட்டிக்கொண்டேன்!

பதற வேண்டாம். இந்த விதி வலைப் பக்கத்தை மட்டும்தான் தடுக்கிறது. எஸ்எஸ்ஹெச், எஃப்டிபி, ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றில் ஒன்றில் நுழைந்து லாக்கைத் திறங்கள். 403 வாங்கிய உங்கள் புதிய முகவரி அதன் கடைசி வரிகளில் இருக்கும். அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள். பழைய முகவரியை இருக்கட்டும் என்று விட்டுவைக்காதீர்கள். அது இந்நேரம் வேறொரு வாடிக்கையாளருக்குப் போயிருக்கலாம். இனிமேல் ஒவ்வொரு முகவரிக்கும் மேலே # குறியிட்டு, யாருடையது, எந்தத் தேதியில் சேர்த்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எதை எடுக்கலாம் என்று அடுத்த முறை பார்ப்பவருக்குத் தெரியும்.